வாயருகே நின்ற மாத்திரை

மார்ச் 9, 1993

அப்பாவின் மனைவி அவர்களுக்கு,

உங்களை எப்படி அழைத்து எழுதுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. அவசியம் வராமலிருந்தால் இதையும் எழுதியிருக்க மாட்டேன்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததை அத்தையின் கடிதத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன். பெற்ற மகளுக்கு ஒரு தந்தி கொடுக்க உங்களுக்குத் தோன்றவில்லை. போகட்டும். நான் கேட்க வந்தது வேறு.

நான் இங்கே இதய நோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நெஞ்சுவலி என்று ஒருவரைக் கொண்டுவந்தால், ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போதே ஓர் ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்து மென்று தின்னச் சொல்லுவோம். அப்படியே விழுங்கக் கூடாது, மெல்ல வேண்டும். மென்றால்தான் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். இதயக் குழாயில் ரத்தம் மேலும் மேலும் உறைந்து அடைக்காமல் அது தடுக்கும். தலைவலிக்குப் போடுகிற அதே மலிவான மாத்திரைதான். ஆனால் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு உயிர் மிஞ்சும். இப்போது எல்லா ஊரிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

அத்தை எழுதியிருப்பது இது: அவசரப் பிரிவில் நர்ஸ் ஒரு மாத்திரையை அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். நீங்கள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். பிறகு டாக்டரைத் தாழ்வாரத்துக்குத் தனியாக அழைத்துப் போய் ஏதோ சொன்னீர்கள். அவர் திரும்பி வந்ததும் அந்த மாத்திரை எடுத்துக்கொண்டு போகப்பட்டது.

அது என்ன மாத்திரை? ஏன் தடுத்தீர்கள்? டாக்டரிடம் என்ன சொன்னீர்கள்?

சுற்றி வளைக்காமல் பதில் எழுதவும்.

— உங்கள் கணவரின் மகள்

*

மார்ச் 24, 1993

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் உன் அப்பா கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கா?" என்றார். "இல்லை, எனக்கு" என்றேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் போர்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சிருக்கா" என்று சொல்லிவைத்தேன். நீ விசாரிக்கவில்லை என்றாலும்.

இப்போது பரவாயில்லை. வீட்டுக்கு வந்துவிட்டார். கழிப்பறை வரை தானே நடக்கிறார். மாடிப்படி கூடாது, மண்டிபோடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரையில் டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரியிடம் மண்டிபோடாதே என்றால் அது நாவிதனிடம் கத்தரிக்கோலைத் தொடாதே என்பது மாதிரி. படுத்தபடியே கூரையைப் பார்த்து, "அந்த மூலை ஒரு நூல் எறங்கியிருக்கு பாரு" என்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே, 'ரசமட்டம்' என்று வைத்தது சும்மாவா?

தந்தி கொடுக்காதது என் தவறுதான். அவர் வேண்டாம் என்றார். "அவ அங்க தனியா இருக்கா, பதறிப்போயிடுவா" என்றார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கும்பலும் கூச்சலுமாக இருந்தது. யார் எதைக் கொடுத்தார்கள், யார் எதை எடுத்தார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. டாக்டரிடம் பேசினேன், உண்மை. புருஷனைக் கட்டிலில் கிடத்தியிருக்கும்போது டாக்டரிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது? உன் அத்தை நடந்ததில் பாதியைத்தான் பார்ப்பாள். எழுதும்போது அதை இரண்டாக்கி எழுதுவாள்.

தலைவலி மாத்திரை ஒன்றுக்காக இவ்வளவு தூரம் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

— சித்தி

*

ஏப்ரல் 5, 1993

திருமதி அவர்களுக்கு,

என்னை மகள் என்று எழுத வேண்டாம். உங்களுக்கு நான் மகள் இல்லை. அம்மா போய் ஆண்டு இரண்டு முடிவதற்குள் அந்த வீட்டுக்குள் வந்தவர் நீங்கள். நான் ஏன் வேலை தேடி இவ்வளவு தூரம் வந்தேன் என்பது உங்களுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

"சரியாக நினைவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் டிக்கெட் கொடுக்கிற சினிமா தியேட்டரில், ஜன்னல் வழியாக நீட்டுகிற கையைப் பார்த்தே 'இந்தாள் நேற்றும் வந்தவர்' என்று சொல்லிவிடுவீர்களாம். அப்பாவே பெருமையாக எனக்கு எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்குச் சொந்தப் புருஷனின் வாய்க்குப் போன மாத்திரை மட்டும் நினைவில்லை!

வார்டில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியின் கூட வந்தவர்களில் அழுகிறவர்களை நான் கவனிப்பதில்லை. கேட்ட கேள்வியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களைத்தான் கவனிப்பேன். உங்கள் கடிதம் முழுக்கப் பக்கத்துக் கேள்விகளுக்கான பதில்.

அத்தை மறுபடி எழுதியிருக்கிறாள். முதல் நாள் மட்டுமில்லை, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பல நாட்கள் அந்த மாத்திரை கொடுக்கப்படவில்லையாம். பக்கத்துக் கட்டில் ஆளுக்கு வந்த அன்றே கொடுத்திருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியும் அவருக்குப் போட்டார்கள். அப்பாவுக்கு அதுவும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் இப்போது வேலைக்குப் போகிறார். அப்பா கழிப்பறைக்கு நடப்பதைப் பெரிய செய்தியாக எழுதுகிறீர்கள்.

அவருக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் பொய் சொன்னீர்களா? அவர் எழுந்து நடமாடாமல் இருப்பதில் உங்களுக்கு என்ன லாபம்? வீடு அப்பா பெயரில் இருக்கிறது என்பதை அத்தை எனக்கு ஞாபகப்படுத்தினாள். நானாக அதை நினைக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

— நர்ஸ்

*

ஏப்ரல் 19, 1993

நர்ஸம்மாவுக்கு,

மகள் என்று எழுதவில்லை. நிம்மதிதானே?

உன் கடிதத்தைத் தியேட்டரில், மதியக் காட்சிக்குக் கவுண்டரைத் திறப்பதற்கு முன் படித்தேன். படித்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் கை கையாக நீள்கிறது. ஒருத்தருக்கு மூன்று டிக்கெட்டுக்குப் பதில் இரண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். "என்னம்மா, தூக்கமா?" என்று அந்தக் கை கேட்டது. கையை மட்டும் பார்த்து வேலை செய்வதில் ஒரு வசதி உண்டு. எதிரில் இருப்பவருக்கும் நம் முகம் தெரியாது.

வீட்டைப் பற்றி எழுதினாய். மழை பெய்தால் சமையலறைக்கும் கூடத்துக்கும் வித்தியாசம் தெரியாத அந்த வீட்டுக்காக ஒருத்தி புருஷனைக் கொல்லப் பார்ப்பாள் என்றால், அவளுக்குக் கண் டாக்டரைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

கேள், நேராகவே சொல்கிறேன். மாத்திரையை நான்தான் தடுத்தேன். நர்ஸின் கையைப் பிடித்தேன். அது ஆஸ்பிரின்தான், டாக்டரே பெயரைச் சொன்னார். அவரிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. என்ன சொன்னேன் என்பதை உன்னிடம் சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்காதே.

இதைப் படித்ததும் உனக்கு இன்னும் சந்தேகம் வரும் என்று தெரியும். வரட்டும். என்னை நீ சந்தேகப்படுவது புதிதா? நான் அந்த வீட்டில் முதல் நாள் காய்ச்சிக் கொடுத்த பாலையே குடிக்காமல் கொட்டினவள் நீ. இன்னொரு சந்தேகத்தைத் தாங்குகிற முதுகு எனக்கு இருக்கிறது. உன் அப்பாவுக்குத்தான் இல்லை. அதனால் இந்த விஷயத்தை அவருக்கு எழுதாதே. உன்னைக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

அவர் இப்போது வாசல் வரை வருகிறார்.

— சித்தி (இதையும் வேண்டாம் என்றால் அடித்துவிட்டுப் படித்துக்கொள்)

*

மே 2, 1993

திருமதி அவர்களுக்கு,

ஒப்புக்கொண்டதற்கு நன்றி. தடுத்தது நீங்கள். காரணம் சொல்ல மாட்டீர்கள். யாருக்கோ வாக்கு. இதற்கு மேல் நான் கடிதத்தில் கேட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் அத்தையும் மாமாவும் வண்டி வைத்து வந்து அப்பாவைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். கொஞ்ச நாளைக்கு ஓய்வு என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்ளட்டும். நான் லீவு கிடைத்து வரும்வரை அவர் அங்கேயே இருப்பார். தடுக்காதீர்கள். தடுத்தால் நான் ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கும் எழுதுவேன், அந்த டாக்டரின் மேலும் புகார் எழுதுவேன்.

என்னுடன் வேலை செய்கிற சிநேகிதி ஒருத்தி அதே சமயத்தில் ஊருக்கு வருகிறாள். அப்பாவுக்கு மூட்டுவலி மாத்திரை கொடுத்தனுப்புகிறேன். முன்பு அனுப்பியது தீர்ந்திருக்கும். இந்த முறை இன்னும் பெரிய பாட்டில். உங்கள் வழியாக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அத்தை வீட்டில் அப்பாவின் கையிலேயே நேராகக் கொடுப்பாள். என் கையால் போகிற ஒரு மருந்தாவது நடுவில் யாரும் நிறுத்தாமல் அவருக்குப் போய்ச் சேரட்டும்.

— நர்ஸ்

*

மே 13, 1993

குட்டி,

வீட்டில் உன்னை அப்படித்தானே கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள இப்போது நேரமில்லை. தபாலாபீசில் எக்ஸ்பிரஸ் கட்டணம் கட்டி அனுப்புகிறேன். உன் சிநேகிதி கிளம்புவதற்கு முன் இது உனக்குக் கிடைக்க வேண்டும்.

அந்த மாத்திரையை அனுப்பாதே. கொடுத்துவிட்டிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்.

வாக்கை உடைக்கிறேன். உன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு.

போன வருடம் நீ அனுப்பினாயே முதல் பாட்டில், அது வந்த நாளை நீ பார்த்திருக்க வேண்டும். உள்ளூர் மருந்துக்கடையில் வாங்கினதை எல்லாம் ஒரே நாளில் தூக்கிப்போட்டார். "குட்டி அனுப்புனது. நம்மூரு சுண்ணாம்பு மாத்திரை இல்ல இது" என்று கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நீ சீட்டில் எழுதியிருந்தாய், சாப்பிட்ட பிறகு ஒன்று, வலி இருந்தால் மட்டும் என்று. அவர் வேலைக்குக் கிளம்பும்போது வெறும் வயிற்றில் இரண்டு, மண்டிபோட்டு எழுந்தபின் இரண்டு, தூங்கப் போகும்போது எத்தனை என்று எனக்குத் தெரியாது. "ஒண்ணுதானேங்க எழுதியிருக்கா" என்றால், "அது அந்த ஊர் முட்டிக்கு. என் முட்டி என்ன முட்டின்னு அவளுக்குத் தெரியாதா? அதான் பெரிய பாட்டிலா அனுப்பியிருக்கா" என்பார்.

பிறகு ஒருநாள் வாந்தி எடுத்தார். காப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருந்தது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வயிற்றில் புண், மாத்திரையால் வந்தது, ரத்தம் கசிகிறது, இனித் தொடவே கூடாது என்றார். வெளியே வந்ததும் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படியெல்லாம் தெருவில் கையைப் பிடிக்கிறவர் இல்லை. "குட்டிக்கு மட்டும் இது தெரியக் கூடாது. ஏற்கெனவே என்கிட்ட மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குறா. இப்பத்தான் மாத்திரை அனுப்புற அளவுக்கு மனசு எறங்கியிருக்கு. நான் குடுத்ததாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு நெனச்சா, அவ மறுபடி எழுதவே மாட்டா" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று என்னிடமும் பொய் சொன்னார். பாட்டிலை டைல்ஸ் வெட்டுகிற மெஷின் பைக்குள் வைத்திருந்தார். மாரடைப்பு வருவதற்கு முந்தைய வாரம்கூட ரத்தம் போயிருக்கிறது. துணி துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரிடம் தெளிவாகவே கேட்டார், "வயித்துப்புண் ஏதாவது இருக்கா? ரத்தம் போச்சா?" என்று. உன் அத்தை தலைமாட்டில் நிற்கிறாள். அவள் காதில் விழுந்தால் உன் காதில் விழுந்த மாதிரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு, அந்த நிலைமையிலும் மனுஷன் தலையை ஆட்டினார், இல்லை என்று. நர்ஸ் மாத்திரையை வாயருகே கொண்டுபோனாள். நான் கையைப் பிடித்தேன். உன் அத்தை எதிரில் சொல்ல முடியவில்லை. டாக்டரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன்.

இதுதான் நான் சொன்னது. இதுதான் என் லாபம்.

அவரை உன் அத்தை அழைத்துப் போவதானால் போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அந்தப் பாட்டில் மட்டும் அவர் கையில் கிடைக்கக் கூடாது.

— சித்தி

*

மே 24, 1993

உங்கள் எக்ஸ்பிரஸ் கடிதம் கிடைத்தது. சிநேகிதியிடமிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டேன். கடிதம் உண்மையோ பொய்யோ, ஒரு நர்ஸ் அதைப் படித்த பிறகு அந்த மாத்திரையை அனுப்ப முடியாது. அவ்வளவுதான். அதை வைத்து நான் உங்களை நம்பிவிட்டேன் என்று எண்ண வேண்டாம்.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். இது ரொம்ப சாமர்த்தியமான பதில். குற்றம் உங்கள் தலையிலிருந்து இறங்கி நேராக என் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்பாவின் வயிற்றைக் கெடுத்தது நான். மாத்திரை கொடுக்க முடியாமல் செய்தது நான். நீங்கள் பாவம், எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர். இப்படி ஒரு கதையை யாராவது என்னிடம் வார்டில் சொன்னால் நான் நம்புவேனா?

அப்பாவைக் கேட்கலாம். கேட்டால் அவர் தலையை ஆட்டிவிடுவார். நீங்கள் சொல்வது உண்மையானாலும் ஆட்டுவார், பொய்யானாலும் ஆட்டுவார். அதையும் நீங்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

அதனால் உங்களையே கேட்கிறேன். துணி துவைக்கிறவள் எனக்குத் தெரியாதா என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன தெரிந்தது? என்ன நிறம்? எப்படி இருந்தது? உங்களுக்கு அது ரத்தம் என்று எப்படித் தெரிந்தது? வெட்கப்படாமல் எழுதுங்கள். நான் தினமும் பார்க்கிற விஷயம்.

அத்தையை இப்போதைக்கு வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு.

*

ஜூன் 6, 1993

குட்டிக்கு,

போலீஸ்காரருக்குக்கூட இப்படி யாரும் பதில் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதுகிறேன்.

சிவப்பாக இருக்கவே இல்லை. அதனால்தான் எனக்கு முதலில் ரத்தம் என்று தோன்றவில்லை. கறுப்பு. ரோடு போடுகிறவர்கள் தார் ஊற்றுவார்களே, அந்தக் கறுப்பு, அந்தப் பளபளப்பு. பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டால் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் மட்டும் செம்மண் கரைத்த மாதிரி ஆனது. இரும்புச் சத்து மருந்து சாப்பிட்டதால் என்று அவர் சொன்னார். அவர் எந்த இரும்பையும் சாப்பிடவில்லை.

நிறத்தை விடு. வாடை! மனுஷ உடம்பிலிருந்து வருகிற சாதாரண நாற்றம் இல்லை அது. எதுவோ உள்ளே செத்து, அதன் மேல் யாரோ சர்க்கரையைக் கொட்டின மாதிரி. மூக்கில் நுழைந்து நாக்கு வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டேன். குளித்தேன், மறுபடியும் குளித்தேன். தியேட்டரில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதும் அது என் விரலிலேயே இருக்கிறது என்று தோன்றி, டிக்கெட் கட்டை விட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் வாங்க வந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். வாந்திக்காக இழுத்துக்கொண்டு போன அன்றைக்குப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் நான் நிறத்தைச் சொல்வதற்கு முன்பே வாடையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரத்தம்தான் என்றார். மாரடைப்புக்கு முந்தைய வாரமும் அதே வாடை.

போதுமா? இதற்கு மேல் என்னிடம் இல்லை.

நீ கேட்டுவிட்டாய். இப்போது நான் கேட்கிறேன். இதை இங்கே யாரிடமும் கேட்க முடியவில்லை.

தாழ்வாரத்தில் நான் சொன்னதைக் கேட்டதும் அந்த டாக்டர், உன் வயதுதான் இருக்கும், சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "குடுத்தா வயித்துல ரத்தம் கொட்டலாம். குடுக்கலைன்னா இதயம் இன்னும் கெட்டுப்போகலாம்" என்றார். "நீங்க என்ன செய்வீங்க டாக்டர்?" என்றேன். "இப்ப வேண்டாம்" என்றார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, மருந்து கொடுத்து, அப்புறம்தான் சின்ன அளவில் ஆஸ்பிரினை ஆரம்பித்தார்கள். இப்போது காலையில் தினமும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

உன் அப்பா வாசலிலிருந்து தெருமுனை வரை போனால் நின்று மூச்சு வாங்குகிறார். அவர் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நர்ஸின் கை ஞாபகம் வருகிறது. நான் பிடிக்காமல் இருந்திருந்தால் இவர் இன்றைக்கு நிற்காமல் நடந்திருப்பாரோ? பக்கத்துக் கட்டில்காரர் வேலைக்குப் போகிறார் என்று நீ எழுதினாயே, அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியாது.

நான் செய்தது சரியா? மகளாகப் பதில் சொல்லாதே, ஆறுதலும் சொல்லாதே. நர்ஸாகச் சொல்.

— சித்தி

*

ஜூன் 19, 1993

சித்திக்கு,

அந்த வாடையை யாரும் கற்பனை செய்து எழுத முடியாது. நாங்கள் நர்ஸ்கள் வார்டுக் கதவைத் திறக்கும்போதே தெரிந்துகொள்வோம், எந்தக் கட்டிலில் வயிற்றுக்குள் ரத்தம் போகிறது என்று. புத்தகத்தில் நிறம்தான் போட்டிருக்கும். சர்க்கரை கொட்டின மாதிரி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஷிஃப்ட் முடியும் வரை மறுபடி எடுக்கவில்லை.

நீங்கள் சொன்னது உண்மை. நான் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது, திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை. வீட்டைப் பற்றி எழுதியதை மட்டுமாவது கிழித்துவிடுங்கள்.

நர்ஸாகக் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அதனால் இரண்டு பெரிய டாக்டர்களிடம், யார் என்று சொல்லாமல், இப்படி ஒரு நோயாளி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒருவர், "ஒரு வாரத்துக்குள்ள ரத்தம் போயிருக்கா? தொடவே மாட்டேன்" என்றார். இன்னொருவர், "ரத்த பாட்டிலைப் பக்கத்துல தயாரா வெச்சுக்கிட்டுக் கொடுத்துடுவேன். இதயம் காத்திருக்காது" என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு அவர்கள் இருவருமே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளாமல் டீ குடித்தார்கள்.

கொடுத்திருந்தால் அப்பா இன்று நன்றாக நடந்திருக்கலாம். கொடுத்திருந்தால் அன்றைக்கே ரத்தம் கொட்டிப் போயிருக்கலாம். இதில் எது நடந்திருக்கும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது சித்தி. தெரியும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்த டாக்டர். அப்பா தலையை ஆட்டி அவர் கண்ணைக் கட்டிவிட்டார். நீங்கள் அவிழ்த்துவிட்டீர்கள். நோயாளியோடு வருகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் அதைச் செய்வதில்லை.

ஆனால் என்னிடம் மறைத்தது தப்பு. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அப்பாவையும் சேர்த்து. நான் மாத்திரை அனுப்பியவள். எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அழுதிருப்பேன், ஒரு மாதம் எழுதாமல் இருந்திருப்பேன், அப்புறம் அந்தப் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துக் கொட்டச் சொல்லித் தந்தியே கொடுத்திருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்தியிருக்கிறீர்கள்.

செப்டம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் நேராக வீட்டுக்குத்தான் வருவேன், அத்தை வீட்டுக்கு இல்லை. அத்தைக்கும் எழுதிவிட்டேன். காரணம் எழுதவில்லை, அவளே ஏதாவது கண்டுபிடித்துக்கொள்வாள்.

அப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். நேரில் நானே அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

— குட்டி

*

ஜூலை 3, 1993

அன்புள்ள குட்டிக்கு,

உனக்கு எழுதிய பிறகும் தாங்காமல், உன் அப்பாவுக்குத் தெரியாமல் இங்கேயும் கேட்டுவிட்டேன். எல்லாரும் என்னிடம் "நீ நல்லதுதான் செஞ்ச" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். தியேட்டர் ஆபரேட்டர் சொன்னார். அந்த டாக்டரும் சொன்னார். யார் சொல்லியும் மனசு ஆறவில்லை. நீ ஒருத்திதான் தெரியாது என்று எழுதினாய். படித்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை.

மன்னிக்க வேண்டாம், அவசரமில்லை. வந்து உட்கார்ந்து சண்டை போடு. நேரில் சண்டை போட்டு எவ்வளவு நாளாயிற்று! என்னோடு நீ போட்டதே இல்லை. கதவைத்தான் சாத்துவாய்.

இங்கே இப்போது ஒரு புதுப் பிரச்சினை. உன் கடிதம் மாதம் தவறாமல் எனக்கு வருகிறதா, உன் அப்பாவுக்கு வருவதில்லையா, மனுஷன் ஒரு மாதிரி ஆகிவிட்டார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிடுகிறார், டாக்டர் வேகமாக நடக்கக் கூடாது என்று சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. உறையை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருகிறார். நேற்று நான் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் என்னதான் எழுதிக்கிறீங்க?"

"பொம்பளைங்க விஷயம்."

"எம் பேரு வருதா?"

"வரலை."

"பொய் சொல்ற. நீ படிக்கும்போது ஒரு தடவை என்னைப் பார்த்த."

"செப்டம்பர்ல வர்றாளாம்" என்றேன். அவர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்: "அவளா வர்றேன்னாளா, இல்ல நீ எதையாவது எழுதி வரவழைக்கிறியா?"

— சித்தி